விரல் நுனியில் 4.3, லேபில் 3.4: எதை நம்புவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது. இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசினோகூமரால் மாத்திரை சாப்பிடுகிறார். மே மாதத்தில் ஒரு நாள் காலை, பக்கத்துத் தெருக் கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்தபோது, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்லும் ஐ.என்.ஆர். எண் 4.3 என்று காட்டியது. சந்தேகப்பட்டு அன்று மதியமே லேபில் நரம்பிலிருந்து ரத்தம் கொடுத்தோம். அங்கே 3.4. கிளினிக்கில் கேட்டால், "கருவி ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது, திரையில் சரிக்குறி வந்ததே" என்கிறார் நர்ஸ். எது சரி? அந்தக் கருவியை நம்பலாமா? வீட்டுக்கே ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்:

முதலில் அம்மாவின் மாத்திரை. இரண்டு எண்களையும், எடுத்த நேரத்தையும் அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதோ அளவைக் குறைப்பதோ அவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வார்கள். எண் ஏறினால் ரத்தக்கசிவு பயம். பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டால் வால்வில் ரத்தக்கட்டி உருவாகும் பயம். இரண்டாவதும் முதலாவதற்குக் குறைந்த ஆபத்து அல்ல. ஈறில் நிற்காத கசிவு, கருத்த மலம், சிவந்த சிறுநீர், திடீர்த் தலைவலி, தலையில் அடி என்று எதுவாவது இருந்தால் எண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கருவி 4க்கு மேல் காட்டியதும் நரம்பு ரத்தம் கொடுத்தீர்களே, அது சரியான காரியம். நல்ல கிளினிக்குகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. விரல் கருவிகள் 2 முதல் 3.5 வரை ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்ளும். 4ஐத் தாண்டியதும் லேபோடு அவற்றின் இடைவெளி கூடும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். உங்கள் இரண்டு எண்களுக்கும் இடையே 0.9 வித்தியாசம், அதாவது லேப் எண்ணில் சுமார் 26 சதவீதம். நோயாளிகள் தாமே சோதித்துக்கொள்ளும் ஐ.என்.ஆர். கருவிகளுக்கென்று சர்வதேசத் தர அமைப்பு 2007இல் 17593 என்ற தரத்தை வெளியிட்டது. 2 முதல் 4.5 வரை உள்ள எண்களில் 90 சதவீத அளவீடுகள் லேப் எண்ணிலிருந்து 30 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது அதில் வைத்த வரம்பு. அந்தக் கணக்குப்படி உங்கள் கிளினிக் கருவி தேறிவிட்டது! ஆனால் 3.4 என்றால் மருத்துவர் மாத்திரை அளவைத் தொட மாட்டார், 4.3 என்றால் தொடுவார். தேர்ச்சி மதிப்பெண்ணும் சிகிச்சைக்குப் போதுமான துல்லியமும் வெவ்வேறு என்பதை விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வதில்லை. நடைமுறையில், சிகிச்சை வரம்புக்குள் 0.5க்கு மேல் விலகினாலே காரணம் தேட வேண்டும் என்பது என் கருத்து. பல கிளினிக்குகளும் அப்படித்தான் வைத்திருக்கின்றன.

சில மணி நேர இடைவெளியில் ரத்தமே மாறியிருக்கலாமே என்று கேட்கலாம். அசினோகூமரால் உடலில் பாதியாகக் குறைய 8 முதல் 11 மணி நேரம் ஆகும். இதே வகை மாத்திரையான வார்ஃபரினுக்கு அது ஏறக்குறைய 40 மணி நேரம். ஆகவே அசினோகூமரால் சாப்பிடுபவர்களுக்கு நாளுக்கு நாள் எண் ஆடுவது சகஜம். செவ்வாய்க்கிழமை கருவி எண்ணையும் வெள்ளிக்கிழமை லேப் எண்ணையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பொருள் இல்லை. ஆனால் ஒரே நாள் காலைக்கும் மதியத்துக்கும் இடையே 4.3 தானாக 3.4 ஆகிவிடாது. எங்கோ அளவீட்டில்தான் விலகல்.

அந்த "எங்கோ" லேபிலும் இருக்கலாம். எல்லோரும் கருவியைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். நான் லேபில் உறைதல் சோதனைகளைப் பார்த்துக்கொள்பவன். எங்கள் பக்கத்தையே முதலில் சொல்கிறேன்.

லேபில் உண்மையில் அளப்பது விநாடிகளை. ரத்த அணுக்களைப் பிரித்தெடுத்த பிளாஸ்மாவில், உறைதலைத் தொடங்கிவைக்கும் திராம்போபிளாஸ்டின் என்ற வினைப்பொருளைச் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்க்கிறோம். ஆர்மண்ட் குவிக் 1935இல் வெளியிட்ட புரோத்ராம்பின் நேரச் சோதனைதான் இது. தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனத்தின் திராம்போபிளாஸ்டினும் ஒவ்வொரு வீரியத்தில் இருக்கும். ஒரே ரத்தம் ஓரிடத்தில் 24 விநாடி, வேறோரிடத்தில் 32 விநாடி. இதைச் சமன்செய்யத்தான் உலக சுகாதார நிறுவனம் 1983இல் ஐ.என்.ஆர். முறையை ஏற்றது. நோயாளியின் நேரத்தை நலமானவர்களின் சராசரி நேரத்தால் வகுத்து, அந்த விகிதத்தை, வினைப்பொருளின் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஐ. என்ற எண்ணுக்கு அடுக்காக உயர்த்த வேண்டும்.

இந்த அடுக்கில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நோயாளியின் நேரம் 30 விநாடி, நலமானவர்களின் சராசரி 12 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 2.5. ஐ.எஸ்.ஐ. 1.0 என்றால் ஐ.என்.ஆர். 2.5. அதே ரத்தம், அதே விநாடிகள், ஐ.எஸ்.ஐ. 1.2 என்றால் 3.0. 1.4 என்றால் 3.6. வினைப்பொருளின் புதுப் பெட்டி வந்த அன்று, பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்ட புது ஐ.எஸ்.ஐ. எண்ணைக் கருவியில் மாற்ற மறந்தால் போதும், அன்று முதல் வருகிற எல்லோருடைய ஐ.என்.ஆரும் ஒரே பக்கமாகச் சாயும். யாருக்கும் தெரியாது, அச்சிட்ட அறிக்கை அழகாகத்தான் இருக்கும். நலமானவர்களின் சராசரியும் இப்படித்தான். குறைந்தது 20 ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைத் தன் கருவியில், தன் வினைப்பொருளில் ஓட்டி ஒவ்வொரு லேபும் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கருவியைச் சரிபார்க்க அன்றன்று ஓட்டும் ஒரு கண்ட்ரோல் பிளாஸ்மாவின் விநாடியையே சராசரி என்று போட்டுக்கொள்ளும் பழக்கம் சின்ன லேபுகளில் இன்னும் போகவில்லை. மேலே சொன்ன கணக்கில் 12க்குப் பதில் 13 என்று போட்டுப் பாருங்கள்: ஐ.எஸ்.ஐ. 1.2இல் 3.0 ஆக இருந்தது 2.7 ஆகிவிடும்.

பிறகு அந்த நீலமூடி ட்யூப். அதில் ரத்தத்தை உறையாமல் வைக்கும் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் இருக்கும்; ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு 9 பங்கு ரத்தம். 3 மில்லி ட்யூப் என்றால் 2.7 மில்லி ரத்தம், கோடு வரை. நரம்பு சரியாகக் கிடைக்காத வயதானவர்களிடம் பாதி ட்யூப் எடுத்துவிட்டு, "இதையே ஓட்டிக்கொடுங்கள்" என்று அனுப்புவார்கள். சிட்ரேட் மிகுதியாகி, ரத்தம் தாமதமாக உறைந்து, ஐ.என்.ஆர். பொய்யாக ஏறும். அந்த ட்யூப்பைத் திருப்பி அனுப்பும் லேப்தான் நல்ல லேப், அம்மாவுக்கு மறுபடி ஒரு குத்து என்றாலும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர்கள் எல்லா ட்யூப்களையும் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து வியாசர்பாடி வரை சுற்றுவதும் உண்டு. இந்தச் சோதனைக்கு ஐஸ் கூடாது. அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வரை தாங்கும் மாதிரியை நீண்ட நேரம் குளிரில் வைத்தால் 7ஆம் உறைகாரணி (ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்று) தூண்டப்பட்டு, நேரம் குறைந்து, ஐ.என்.ஆர். பொய்யாக இறங்கலாம்.

ஆகவே லேபில் 3.4 என்று வந்ததாலேயே அது தீர்ப்பு ஆகிவிடாது. உங்கள் லேபிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இப்போது ஓடும் வினைப்பொருளின் ஐ.எஸ்.ஐ. எவ்வளவு, சராசரி நேரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள், வெளித் தரமதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறார்களா. அந்த மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தரமதிப்பீட்டுத் திட்டத்தில் நாடு முழுவதும் உள்ள லேபுகள் சேர்ந்திருக்கின்றன. விடை தெரியாத மாதிரியை அனுப்புவார்கள். லேப் ஓட்டி விடை அனுப்ப வேண்டும். மற்ற லேபுகளோடு ஒப்பிட்டு, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தாள் வரும். அந்தத் தாளை வாடிக்கையாளர் கேட்டால் காட்டத் தயங்கும் லேபை நான் நம்ப மாட்டேன்.

லேபைத் திட்டியாயிற்று, இனிக் கிளினிக்.

உங்கள் கிளினிக்கில் எந்தக் கருவி என்று நீங்கள் எழுதவில்லை. நான் கீழே சொல்லும் எண்கள், பல இடங்களில் இருக்கும் கோயாகுசெக் எக்ஸ்.எஸ். என்ற கருவிக்குரியவை. வேறு கருவி என்றால் அதன் ஸ்ட்ரிப் (ரத்தத் துளியை ஏற்றும் சோதனைப் பட்டை) டப்பாவோடு வரும் தாளைப் பாருங்கள். தத்துவம் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஸ்ட்ரிப்பில் உலர்ந்த திராம்போபிளாஸ்டின் இருக்கும், 8 மைக்ரோலிட்டர் ரத்தம் அதைக் கரைக்கும், உறைதல் தொடங்கியதும் எழும் மின்னோட்டத்தைக் கருவி கவனித்து, விநாடியை ஐ.என்.ஆராக மாற்றிக் காட்டும். ஒரு நிமிடத்தில் வேலை முடியும்.

நர்ஸ் சொன்ன சரிக்குறி பொய் இல்லை. ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் தற்சோதனைப் பகுதி ஒன்று உண்டு. வெப்பத்தாலோ ஈரப்பதத்தாலோ ஸ்ட்ரிப் கெட்டிருந்தால் அது கண்டுபிடித்து, எண் தராமல் பிழை காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஸ்ட்ரிப்பை மட்டும் பார்க்கிறது. விரலை எப்படிப் பிதுக்கினார்கள், எத்தனை விநாடி தாமதித்தார்கள், யாருடைய ரத்தம், ஸ்ட்ரிப்பின் தொழிற்சாலை அளவுதிருத்தமே சரியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. காசிமேட்டில் முத்திரை போட்ட தராசில்தான் மீனை நிறுக்கிறார்கள். ஐஸையும் சேர்த்து நிறுத்தால் தராசின் முத்திரை என்ன செய்யும்?

விரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கணிப்பில் உங்கள் 0.9இல் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும். மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையிலிருந்து ஐஸில் கைவைத்து மீன் பிரிக்கும் பெண்கள் அப்படியே பரிசோதனைக்கு வருவார்கள். விரல் சில்லிட்டு, தோல் தடித்துப்போயிருக்கும். ஊசி குத்தினால் கடுகளவு ரத்தம் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். வரிசையில் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள். நர்ஸ் விரலின் அடியிலிருந்து நுனி வரை பால் கறப்பதுபோல அழுத்தி இழுப்பார். ரத்தத்தோடு திசுநீரும் வெளியே வரும். அந்த நீரில் உறைதலைத் தூண்டும் பொருளும் உண்டு, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் குணமும் உண்டு. எண் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதற்குள் முதல் துளி தோல்மீது அரை நிமிடம் உட்கார்ந்திருக்கும், அங்கேயே உறையத் தொடங்கியிருக்கும். போதவில்லை என்று இரண்டாவது துளியை அதே ஸ்ட்ரிப்பில் சேர்ப்பார்கள். சரிக்குறி வரும். எண்ணும் வரும்.

செய்ய வேண்டியது கடினமான வேலை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் தடவினால் முழுக்கக் காய விட வேண்டும். கையை இடுப்புக்குக் கீழே சிறிது நேரம் தொங்கவிட்டால் ரத்தம் இறங்கும். நடு விரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். குத்திய 15 விநாடிக்குள் முதல் நல்ல துளி ஸ்ட்ரிப்பில் ஏற வேண்டும். ஏறவில்லையா, அந்த ஸ்ட்ரிப்பை எறிந்துவிட்டுப் புது ஸ்ட்ரிப், வேறு விரல். ஸ்ட்ரிப் விலை அதிகம் என்பதால் எறிய மனம் வருவதில்லை. தரக்கட்டுப்பாட்டின் பாதி இந்த மனத்தோடு நடக்கும் போராட்டம்தான்.

அடுத்து அறை. இந்தக் கருவி வேலை செய்ய அறையின் வெப்பம் 18 முதல் 32 டிகிரி வரை இருக்கலாம். ஸ்ட்ரிப் டப்பாவை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் தண்டையார்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ மொட்டைமாடி அறையோ கொண்ட கிளினிக்கில், மின்விசிறி மட்டும் சுற்றினால், காலை 10 மணிக்கே 32ஐத் தாண்டிவிடும். வரம்பு மீறினால் கருவி வெப்பக் குறியீடு காட்டி நிற்கும். உடனே அதைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் ஏ.சி. அறைக்குள் ஓடி, ஒரு நிமிடத்தில் மறுபடி தொடங்குவார்கள். கருவி அறை வெப்பத்துக்கு வரக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தபடியே மேசையில் வைப்பது இதைவிட மோசம். கடற்கரை ஊர்க் காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்புக்குப் பகை. ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடிவிட வேண்டும், எடுத்ததைப் பத்து நிமிடத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை, மூடியோடு சிறிது நேரம் வெளியே வைத்த பிறகு திறப்பது நல்லது. சில்லிட்ட டப்பாவுக்குள் வெளிக்காற்று புகுந்தால் வியர்க்கும்.

கையும் அறையும் சரியாக இருந்தும் எண் தப்பலாம் என்பதற்கு இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. கோயாகுசெக் எக்ஸ்.எஸ். ஸ்ட்ரிப்புகளை ரோஷ் நிறுவனம் 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் புதிய ஒப்பீட்டுத் தரத்துக்கு ஏற்ப அளவுதிருத்தம் செய்தது. விளைவு, 4.5க்கு மேல் எண்கள் உண்மையைவிட ஏறிக் காட்டின. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி அதை மிகக் கடுமையான வகைத் திரும்பப்பெறல் என்று அறிவித்தது. பழைய ஒப்பீட்டுத் தரத்துக்கு மாறிய புது ஸ்ட்ரிப்புகள் பிறகு வந்தன. இன்னொன்று ஐ.என்.ரேஷியோ என்ற கருவி. அது நேர்மாறு: லேபைவிட மிகவும் குறைத்துக் காட்டியதாகப் புகார்கள் வந்து, 2014இல் திரும்பப்பெறல்கள், 2016இல் சந்தையிலிருந்தே விலக்கம். ரிவராக்ஸபான் என்ற புது மாத்திரையை வார்ஃபரினோடு ஒப்பிட்ட ராக்கெட் ஏ.எஃப். என்ற பெரும் ஆய்வில் வார்ஃபரின் நோயாளிகளுக்கு ஐ.என்.ஆர். பார்த்தது இதே ஐ.என்.ரேஷியோவில்தான் என்பதால், அந்த ஆய்வின் முடிவையே மறுபடி அலச வேண்டியதாயிற்று. இரண்டிலும் நோயாளியின் திரையில் தற்சோதனை சரியாகவே இருந்தது. லேபோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் விலகல் தெரிந்தது.

அப்படியானால் கிளினிக்கில் என்ன இருந்தால் நம்பலாம்? ஒரு பதிவேடு. அதில் ஸ்ட்ரிப்பின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதித் தேதி, செய்தவர் பெயர், அறை வெப்பம் எல்லாம் இருக்க வேண்டும். கருவி அனுமதித்தால், குறிப்பிட்ட இடைவெளியிலும் புது லாட் திறக்கும்போதும் கண்ட்ரோல் திரவம் (விடை தெரிந்த சரிபார்ப்புத் திரவம்) ஓட்டிய எண்கள் இருக்க வேண்டும். ஒன்று இயல்பான அளவில், ஒன்று மருந்து சாப்பிடுபவர் அளவில். கண்ட்ரோல் வரம்புக்கு வெளியே போனால் நோயாளிகளை நிறுத்திவைத்துக் காரணம் தேட வேண்டும்; உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, வந்ததை மட்டும் எழுதுவது ஏமாற்று. ஒரு கிளினிக்கின் பதிவேட்டைப் பார்த்தேன்: மாதம் முழுக்க "சரி, சரி, சரி", ஒரே பேனா, ஒரே கையெழுத்து, கிளினிக் திறக்காத ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்து. அப்படிப்பட்ட பதிவேட்டைவிட வெற்றுத்தாள் மேல். வெற்றுத்தாளாவது உண்மை சொல்லும்.

பதிவேட்டைவிட முக்கியமானது லேபோடு ஜோடி ஒப்பீடு. ஒரே நோயாளியிடம், ஒரே உட்காரலில், விரலிலும் நரம்பிலும் எடுத்து இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். கருவி வாங்கியபோதும், புது லாட் வரும்போதும், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும். ஒரு ஜோடி போதாது, பல பேரிடம் எடுக்க வேண்டும், 2 முதல் 4 வரை பரவியும் இருக்க வேண்டும். நிறுவனத்தார் வந்து "ஒட்டுறவுக் கெழு 0.95" (இரண்டு எண்களும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற அளவு) என்று படம் காட்டினால் மயங்க வேண்டாம். ஒரு கருவி எப்போதும் லேபைவிட 1 கூட்டியே காட்டினாலும் அந்தக் கெழு அழகாகத்தான் வரும். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1986லேயே இதை எழுதி, வித்தியாசங்களை நேரடியாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வித்தியாசங்களைப் பார்த்தால் ஒரு பயன் உண்டு. நோய் எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும். கருவி எப்போதும் 0.3, 0.4 என்று ஒரே பக்கமாகக் கூட்டிக் காட்டினால் அது அளவுதிருத்தம்: ஸ்ட்ரிப்பிலோ, லேபின் ஐ.எஸ்.ஐ.யிலோ. அதோடு வாழலாம், எப்போதும் ஒரே இடத்தில் பார்த்தால். இன்று 0.8 கூட, நாளை 0.6 குறைவு என்று தாறுமாறாக ஆடினால் அது கை: துளி, பிதுக்கல், தாமதம். ஒரே ஒரு நோயாளியிடம் மட்டும் பெரிய வித்தியாசம் வந்துகொண்டே இருந்தால் அவருடைய ரத்தத்தைப் பார்க்க வேண்டும். கடுமையான ரத்தசோகை ஒரு காரணம். இந்தக் கருவி ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 25 முதல் 55 சதவீதம் வரைதான் ஏற்கும். ஹீமோகுளோபின் 8 கிராம் அளவுக்கு இறங்கிய பெண்கள் நம் பக்கத்தில் அபூர்வம் இல்லை. உறைதல் சோதனையைக் குழப்பும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ளவர்களுக்கு விரல் கருவி பொய்யாக ஏறிக் காட்டலாம், அவர்களுக்கு லேப்தான். அம்மாவுக்கு கடைசியாக ஹீமோகுளோபின் எப்போது பார்த்தீர்கள்?

படுக்கையருகே ரத்தம் உறைவதைப் பார்க்கும் சோதனை இது ஒன்று மட்டும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி வழியே ஹெப்பாரின் கொடுக்கும்போது, இதயக் குழாய்ச் சோதனை நடக்கும் கேத் லேபிலும் அறுவை அரங்கிலும் ஏ.சி.டி. என்ற உறைதல் நேரச் சோதனையைப் பார்க்கிறார்கள், அங்கே ஒரு நிறுவனக் கருவியின் விநாடியை வேறொரு நிறுவனக் கருவியின் விநாடியோடு ஒப்பிடவே கூடாது. பொன்னேரி, செங்குன்றம் பக்கத்திலிருந்து பாம்புக்கடி என்று வருபவர்களுக்கு 20 நிமிட உறைதல் சோதனை: 2 மில்லி ரத்தம், ஒரு கண்ணாடிக் குழாய், அசைக்காமல் வைத்தல். உலகிலேயே மலிவான உறைதல் சோதனை அதுவாகத்தான் இருக்கும். அதிலும் குழாயைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தால் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கும். பிளாஸ்டிக் குழாயிலும் அதே கதை.

இத்தனை தொல்லை எதற்கு, சோதனையே வேண்டாத புது மாத்திரைகள் இருக்கின்றனவே என்று யாராவது சொல்வார்கள். உலோக வால்வுக்கு அவை இல்லை. டாபிகாட்ரானை முயன்ற ஆய்வு நோயாளிகளுக்குத் தீங்கு கூடியதால் பாதியில் நின்று, 2013இல் வெளியானது. ருமாட்டிக் இதய நோயோடு இதயத் துடிப்புக் கோளாறும் உள்ளவர்களிடம் ரிவராக்ஸபானைச் சோதித்த இன்விக்டஸ் ஆய்வில், 2022இல், பழைய மாத்திரையே மேல் என்று வந்தது. அதனால் ஸ்டான்லியிலும் சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையிலும் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையிலும் வால்வு நோயாளிகள் ஐ.என்.ஆர். தாளோடு வருவது இன்னும் நெடுநாள் தொடரும்.

வீட்டுக்கு ஒன்று வாங்குவது பற்றி. வீட்டிலேயே பார்ப்பவர்களிடம் ரத்தக்கட்டி விபத்துகள் குறைகின்றன என்று வெளிநாட்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடுகள் சொல்கின்றன. பெரிய ரத்தக்கசிவு அப்படிக் குறையவில்லை. அந்த நோயாளிகள் பயிற்சி பெற்றவர்கள், தொலைபேசியில் மருத்துவக் குழு கிடைத்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவர் பொறுமையாகக் கற்றுக்கொண்டு எப்போதும் அவரே செய்வார், எண்ணைக் கேட்டு மாத்திரை அளவு சொல்ல மருத்துவர் கிடைப்பார், ஸ்ட்ரிப் செலவு மாதாமாதம் கட்டுப்படியாகும் என்றால் வாங்கலாம். மூன்றில் ஒன்று இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு ஒரே நல்ல லேபில் தவறாமல் பார்ப்பது மேல். பழைய கருவியைக் கைமாற்றாக வாங்க வேண்டாம். ஸ்ட்ரிப்பை ரசீது இல்லாமல் வாங்கவும் வேண்டாம், வழியில் அது எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

கருவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். காலையில், அறை சூடேறும் முன், அம்மாவின் கையை வெந்நீரில் கழுவி அழைத்துப் போங்கள். கிளினிக்கில் விரல் சோதனை முடிந்த அரை மணிக்குள் லேபில் நீலமூடி ட்யூப், கோடு வரை நிறைகிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், முந்தைய நாள் மாத்திரை அளவு, இரண்டு எண்கள், ஸ்ட்ரிப் லாட் எண், அந்த வாரம் புதிதாகச் சாப்பிட்ட மருந்து என்று எழுதுங்கள். மருந்து என்றால் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துத்தான். மெட்ரானிடசோல் எண்ணை ஏற்றும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கும், அதற்குக் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்படி நான்கைந்து ஜோடி சேர்ந்ததும் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். வித்தியாசம் ஒரே பக்கமாக இருக்கிறதா, ஆடுகிறதா என்பது அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அதுவரை கிளினிக் கருவி 4க்கு மேல் காட்டும் ஒவ்வொரு முறையும், இந்த முறை செய்ததுபோலவே, மாத்திரையைத் தொடும் முன் லேபுக்குப் போய்விடுங்கள்.